வீட்டில் அம்மா இருக்கிறார்: அமெரிக்கக் கல்லூரி நிதியுதவி விண்ணப்பத்தில் அதை எப்படிக் காட்டுவது?

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை. சாப்பாட்டு மேசையில் மகளின் லேப்டாப், பக்கத்தில் எங்கள் டேக்ஸ் ரிட்டர்ன், எதிரே அம்மாவின் மாத்திரை டப்பா. வாரத்துக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை, இரவு என்று இரண்டு தடுப்பு. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டபடியே அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, நான் இங்க இருக்கிறதால பாப்பாவுக்குக் காலேஜ்ல காசு குறைச்சுக் குடுப்பாங்களோ?"

இல்லை. நேர்மாறாக, அம்மா நம் வீட்டில் நம் செலவில் வாழ்கிறார் என்பது விண்ணப்பத்தில் சரியாகப் பதிவானால் உதவி கூடத்தான் செய்யும். சிக்கல் என்னவென்றால், படிவம் அம்மாவை ஒரு எண்ணாக மட்டும்தான் கேட்கும். அவருக்கு ஆகும் செலவை அது கேட்பதே இல்லை. அதை நாமாகத்தான் கல்லூரியிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதற்கான வழிகாட்டி இது. தாயையோ தகப்பனாரையோ கூட வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப்போகும் குடும்பங்களை நினைத்து எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க அரசின் கல்வி நிதியுதவிக்கு வாசல் ஃபாஃப்சா படிவம். அதை நிரப்பினால், படிப்புச் செலவுக்குக் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்பதை மதிப்பிடும் எஸ்.ஏ.ஐ. என்ற ஓர் எண் வரும். அது குறையக் குறைய உதவி கூடும். மைனஸ் 1,500 வரைகூடப் போகலாம். 2024-25 கல்வியாண்டுக்கு முன்னால் இதையே இ.எஃப்.சி. என்றார்கள். அப்போது வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் பெற்றோர் பங்கு இரண்டாகப் பிரியும். அந்தச் சலுகை போய்விட்டது. ஆனால் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அம்மா உள்ளே வருவது அந்த இடத்தில்தான்.

அந்த எண் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. முதலாவது, பெற்றோர் வருமானத்திலிருந்து பிழைப்புச் செலவுக்கென்று ஒதுக்கும் தொகை. சட்டத்தில் எழுதிய அடிப்படை அட்டவணையில் நான்கு பேருக்கு 35,870 டாலர், ஐந்து பேருக்கு 42,320 டாலர். விலைவாசிக்கேற்ப இது உயர்த்தப்படும். வித்தியாசம் 6,450. மிஞ்சும் வருமானத்தில் 22 முதல் 47 சதவீதம் வரை எஸ்.ஏ.ஐ.க்குள் போவதால், அம்மா என்ற ஒரு நபர் சேர்ந்தால் அந்த எண் சுமார் 1,400 முதல் 3,000 வரை இறங்கும்.

இரண்டாவது பெல் கிராண்ட். இது திருப்பிக் கட்ட வேண்டாத பணம், வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். பெற்றோர் இருவரும் உள்ள குடும்பத்தில் ஏ.ஜி.ஐ. எனப்படும் வரிக்கணக்கு வருமானம் வறுமைக்கோட்டின் 175 சதவீதத்துக்குள் இருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். ஒற்றைப் பெற்றோர் என்றால் 225 சதவீதம். 2024-இன் வறுமைக்கோடு நான்கு பேருக்கு 31,200, ஐந்து பேருக்கு 36,580 (அலாஸ்கா, ஹவாய்க்கு வேறு). ஆக, நான்கு பேர் என்றால் எல்லை 54,600. ஐந்து பேர் என்றால் 64,015. ஆண்டுக்கு 60,000 சம்பாதிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியைச் சேர்க்க மறந்தால் முழு பெல் கிராண்டுக்கான நேர்வழி அடைபடும், சேர்த்தால் திறக்கும். அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இரண்டாம் படி: அம்மா எண்ணிக்கையில் வருவாரா?

ஃபாஃப்சாவுக்கு இரண்டு நிபந்தனைகள். அவர் உங்களோடு ஒரே வீட்டில் வசிக்க வேண்டும். அவருடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டும், அதுவும் அந்தக் கல்வியாண்டு முழுக்க, அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை, தொடர வேண்டும்.

நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று.

ஒன்று, ஊருக்கு அனுப்பும் பணம். கும்பகோணத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் 500 டாலர் அனுப்புகிறீர்கள், அவர்களுக்கு வேறு வருமானமே கிடையாது. நூற்றுக்கு நூறு நீங்கள்தான் காப்பாற்றுகிறீர்கள். ஆனாலும் கூட வசிக்காததால் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். வரிக் கணக்கிலும் டிபெண்டெண்ட், அதாவது உங்களைச் சார்ந்து வாழ்பவர், ஆகமாட்டார்கள், ஏனென்றால் அமெரிக்கக் குடிமக்கள், இங்கே வரிக்கு ரெசிடெண்ட் ஆனவர்கள், கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்கள் ஆகியோரைத்தான் அப்படிக் காட்ட முடியும். மனத்துக்கு இது அநியாயமாகப் படும், எனக்கும் படுகிறது. ஆனாலும் அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேறோர் இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

இரண்டு, விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகும் பெற்றோர். அது வருகைதான், வசிப்பு ஆகாது. சேர்க்காதீர்கள்.

மூன்று, கிரீன் கார்டில் வந்து கூடவே இருப்பவர்கள். இவர்கள்தான் சரியான கேஸ். வரிப் படிவத்திலும் இவர்களை டிபெண்டெண்டாகக் காட்ட முடியுமா என்று பாருங்கள். அதற்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை, அவருடைய வரிக்குரிய வருமானம் 2024-க்கு 5,050 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். 2025-க்கு 5,200. ஊர் வங்கியில் போட்டிருக்கும் எஃப்.டி. வட்டியும் வீட்டு வாடகையும் இதில் சேரும். 2024-இன் டாலர் மதிப்பில் சுமார் நான்கேகால் லட்சம் ரூபாய் வட்டி வந்தாலே அந்த வருட எல்லையைத் தொட்டுவிடும். வருமானம் கொஞ்சம் கூடிப்போய் வரியில் காட்ட முடியாத நிலை என்றால், ஃபாஃப்சாவில் சேர்க்கும் முன்பே கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸுக்கு நிலைமையை விளக்கி ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பாதிக்கு மேல் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பலரும் வாய்க்கணக்கோடு நிறுத்துவது இங்கேதான். வரித்துறையின் 501-ஆம் எண் வெளியீட்டில் இதற்கென்றே ஒரு கணக்குத் தாள் உண்டு. அம்மாவுக்கு ஒரு வருடத்தில் ஆன மொத்தச் செலவு என்ன, அதில் அவர் பணம் எவ்வளவு, உங்கள் பணம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கு பார்க்கலாம். அம்மா இருக்கும் அறையை வெளியாருக்கு விட்டால் மாதம் 600 வாடகை வரும், வருடத்துக்கு 7,200. சாப்பாடு 3,600. மருந்து, பல் வைத்தியம், கண்ணாடி 1,800. நீங்கள் கொடுப்பது மொத்தம் 12,600. அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் 10,800 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தனக்கென்று அவர் செலவழித்தது 7,000, மீதி வங்கியில் கிடக்கிறது. மொத்தச் செலவு 19,600, பாதி 9,800. நீங்கள் தாண்டிவிட்டீர்கள். கவனியுங்கள், அவர் சேமித்துவைத்த 3,800 கணக்கில் வராது, செலவழித்தது மட்டும்தான் வரும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கட்டிய ஆஸ்பத்திரிச் செலவும் இந்தக் கணக்கில் சேராது.

அண்ணன், தங்கை, நீங்கள் என்று மூன்று பேர் சேர்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டு, யாருமே தனியாகப் பாதியைத் தாண்டவில்லை என்றால், வரித்துறையில் 2120-ஆம் எண் படிவம் இருக்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் கொடுப்பவர்களில் ஒருவர் அந்த வருடம் அம்மாவை டிபெண்டெண்டாகக் காட்டலாம், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். யாருடைய பிள்ளை அடுத்து கல்லூரிக்குப் போகிறது, அம்மா யார் வீட்டில் இருக்கிறார் என்று பார்த்து உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: எந்த வருடம் என்று பாருங்கள்

ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கு. 2026-27-க்கு 2024. உங்கள் பிள்ளை 2028 செப்டம்பரில் சேரப்போகிறதென்றால் கணக்கில் வருவது 2026. அதாவது பத்தாம் வகுப்பின் நடுவிலேயே அந்த வருடம் தொடங்கிவிடுகிறது.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்றதும் உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யிலிருந்து 25,000 எடுக்கிறீர்கள். அது அந்த வருட வருமானமாக ஏறும். இரண்டு வருடம் கழித்துப் பிள்ளையின் படிவத்தில், வைத்தியத்துக்குப் போன பணம் சம்பாத்தியம் போல வந்து நிற்கும். அதே 401(கே)-யிலிருந்து கடனாக எடுத்தால் வருமானமாக வராது. ஊரில் உங்கள் பெயரில் இருந்த மனையை விற்றாலும் இதே கதைதான். லாபம் வருமானத்தில் ஏறும், கையில் மிஞ்சிய பணம் சொத்திலும் ஏறும். வேறு வழியில்லாமல் செய்ய வேண்டிவந்தால் தாள்களை எல்லாம் பத்திரப்படுத்துங்கள், ஏழாம் படியில் தேவைப்படும்.

ஐந்தாம் படி: எந்தப் பணம் யார் பெயரில்

அம்மாவின் வருமானத்தையோ அவர் சொத்தையோ ஃபாஃப்சா கேட்காது. அவர் கையெழுத்தும் வேண்டாம். ஆனால் வசதிக்காக அம்மாவின் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் ஜாயிண்டாகச் சேர்த்திருப்பீர்கள். நானும் சேர்த்திருந்தேன். இப்போது அது உங்கள் பணமும் ஆகிவிடுகிறது. பெற்றோர் சொத்தில் ஆண்டுக்கு 5.64 சதவீதம் வரை எஸ்.ஏ.ஐ.யில் ஏறும். 40,000 டாலர் கிடந்தால் 2,256 வரை. கணக்கை அம்மா பெயரில் மட்டும் வைத்து, நீங்கள் பவர் ஆஃப் அட்டார்னி வாங்கிக்கொண்டால் பில் கட்டலாம், காசோலையில் கையெழுத்துப் போடலாம், பணம் அவருடையதாகவே இருக்கும்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுக்காது. ஊரில் அம்மாவுக்கென்று உங்கள் பெயரில் வாங்கிய ஃபிளாட்டை எடுக்கும். கடன் போக மீதி மதிப்பை டாலரில் எழுத வேண்டும். கூடப்பிறந்தவர்களோடு பொதுவில் இருக்கும் பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்கு மட்டும்.

சொத்து விவரம் படிவத்தை நிரப்பும் அன்றைய நிலவரப்படி. ஆஸ்பத்திரி பில் கையில் இருந்தால் முதலில் கட்டிவிட்டுப் பிறகு படிவத்தில் உட்காருங்கள். கட்டாத பில்லை வங்கி இருப்பிலிருந்து கழித்துக்கொள்ள அந்தப் படிவத்தில் இடமில்லை.

ஆறாம் படி: படிவத்தை நிரப்புவது

பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கி, வரித்துறையிலிருந்து விவரத்தை எடுத்துக்கொள்ள ஒப்புதல் கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு விசா எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் போதும்.

குடும்ப எண்ணிக்கை வரும் இடத்தில் மெதுவாகப் படியுங்கள். படிவம் உங்கள் பழைய டேக்ஸ் ரிட்டர்னை வைத்தே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். அம்மா அதற்குப் பிறகு வந்து சேர்ந்திருந்தால் அதில் இருக்கமாட்டார். நீங்கள்தான் திருத்த வேண்டும். எத்தனையோ பேர் அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். விவரங்களைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷனுக்கு உங்கள் பெயர் வந்தால் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அம்மா பெயரில் உங்கள் முகவரிக்கு வரும் தபால், மாநில அடையாள அட்டை, மூன்றாம் படியில் போட்ட கணக்குத் தாள் இவை இருந்தால் கவலை இல்லை.

இன்னொரு கேள்வி: பெற்றோரோ அவர்கள் குடும்பத்தில் வேறு யாரேனுமோ எஸ்.எஸ்.ஐ., மெடிகெய்ட், ஸ்னாப் போன்ற, குறைந்த வருமானத்தாருக்கான அரசு உதவிகளைப் பெற்றார்களா? குடும்ப எண்ணிக்கையில் நீங்கள் சேர்த்த தாயார் மெடிகெய்டில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். சொத்துக் கேள்விகளே விலகிவிடக்கூடும்.

ஏழாம் படி: கல்லூரிக்குக் கடிதம்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். படிவம் கேட்காத செலவைச் சொல்லும் இடம் இதுதான். உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு, கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு ஒரு குடும்பத்தின் விசேஷ நிலைமையைப் பார்த்துக் கணக்கை மாற்றும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. புரொஃபெஷனல் ஜட்ஜ்மெண்ட் என்பார்கள். இன்சூரன்ஸ் கொடுக்காத மருத்துவச் செலவு, நர்ஸிங் ஹோம் செலவு இரண்டும் அந்தச் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டவை. எல்லா விண்ணப்பங்களையும் ஒட்டுமொத்தமாக மறுக்கும் கொள்கையைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் முடிவு அவர்களுடையது, கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு இந்தப் பாரம் ஏன் அதிகம் என்பதை அந்த அலுவலர் அறிந்திருக்க வேண்டியதில்லை, நாம் சொல்ல வேண்டும். 65 வயது தாண்டியிருந்தாலும் இங்கே ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த பிறகுதான் மெடிகேர் வாங்க முடியும், இங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாததால் அதற்கும் முழு பிரீமியம். அவரை அழைத்து வரும்போது ஐ-864 படிவத்தில் ஆதரவு தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அது சட்டப்படி நம்மைக் கட்டும். அந்தப் படிவத்தின் நகலை இணைத்தால், இது விருப்பச் செலவு இல்லை என்பது விளங்கும்.

நான் எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். அதன் நடுப்பகுதி தமிழில் இப்படி வரும்: "என் தாயார், வயது 74, மூன்று ஆண்டுகளாக எங்களுடன் வசிக்கிறார். மெடிகேருக்கு இன்னும் தகுதி இல்லை. 2025-இல் அவருக்காக நாங்கள் செலுத்தியது: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 6,120 டாலர். காது கேட்கும் கருவி 2,400. கீழே விழுந்ததற்குப் பிறகு வீட்டுக்கு வந்த உதவியாளருக்கு வாரம் 12 மணி நேரம், மணிக்கு 28 டாலர், 30 வாரங்கள், 10,080. மொத்தம் 18,600. எந்தத் தொகையும் காப்பீட்டிலிருந்து திரும்ப வரவில்லை. ரசீதுகள் இணைக்கப்பட்டுள்ளன. எங்கள் வருமானத்திலிருந்து இதைக் கழித்து எஸ்.ஏ.ஐ.யை மறுபடி கணக்கிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அழுகை வேண்டாம், உருக்கம் வேண்டாம். தொகை, தேதி, ரசீது, கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம். பிழைப்புச் செலவுக்கென்று ஒதுக்கும் தொகையில் ஏறத்தாழ 11 சதவீதம் மருத்துவத்துக்கென்று ஏற்கெனவே வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதனால் அதற்கு மேலே போனதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். எங்களுக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். உதவியாளர் செலவுக்கு மருத்துவர் கடிதம் கேட்டார்கள், அதை முதலிலேயே வைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்கள், பகுதிநேரமாகக் குறைத்துக்கொண்டவர்கள், 401(கே)-யிலிருந்து ஒரு முறை பணம் எடுத்தவர்கள் எல்லோரும் இதே வழியில் கேட்கலாம். பழைய வருமானம் இன்றைய நிலைமையைக் காட்டவில்லை என்பதுதான் வாதம்.

ஊருக்கு அனுப்பும் பணத்தைச் சொல்லும் இடமும் இதுவே. வங்கிப் பரிமாற்றச் சீட்டுகள், அங்கே பெற்றோருக்கு வேறு வருமானமில்லை என்பதற்கான சான்று, மருத்துவமனை பில். பல கல்லூரிகள் ஏற்கமாட்டார்கள். அரசுப் பணம் போகட்டும், தங்கள் சொந்த நிதியிலிருந்து ஏதாவது கூட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

எட்டாம் படி: சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்

பல தனியார் கல்லூரிகள் காலேஜ் போர்டு நடத்தும் இந்த இரண்டாவது படிவத்தையும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்ததற்கு 16. வருமானம் 100,000 வரை உள்ள குடும்பங்களுக்குக் கட்டணமில்லை. இது ஃபாஃப்சாவை விடத் துருவிக் கேட்கும், குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் சேர்த்து. ஆனால் மருத்துவச் செலவை எழுதவும் நிலைமையை விளக்கவும் இதிலேயே இடமிருப்பதால், கடிதத்தில் சொன்னதையே சுருக்கி இங்கேயும் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் தொகை ஒன்றாக இருக்கட்டும்.

பெற்றோரைப் பராமரிப்பது மாணவரே என்றால்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் திரும்பும் 24 வயது தாண்டியவர்கள், பெற்றோர் வருமானத்தைக் காட்ட வேண்டாத தனித்த மாணவராகவே கருதப்படுவார்கள். 2026-27-க்கு, 2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர்கள். கூட வசித்து, பாதிக்கு மேல் தன்னை நம்பியிருக்கும் தாயைத் தன் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்கலாம். தனி ஆளுக்கான கடுமையான கணக்கிலிருந்து, பொறுப்புள்ள குடும்பத்துக்கான கணக்குக்கு இது கொண்டுபோகும்.

இவை எல்லாம் வருடா வருடம் புதிதாகச் செய்ய வேண்டியவை. ஃபாஃப்சாவும் ஒவ்வொரு வருடமும், கடிதமும் ஒவ்வொரு வருடமும். அடுத்த வருடத்துக்கான வேலையை எங்கள் வீட்டில் அம்மாவே தொடங்கிவிட்டார். மருந்துக் கடையிலிருந்து வந்ததும் ரசீதை நீவி மடித்து, பின்பக்கம் தேதியைத் தமிழில் எழுதி, மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருக்கும் பழுப்பு உறையில் வைத்துவிடுகிறார்.